வாடகை வீடு என்ன வருமானம் தரும்?

தோட்டத்தில் ஒரு பகுதியை விற்று, பக்கத்து நகரத்தில் வீடு வாங்கி வாடகைக்கு விட எண்ணும் விவசாயிகள் பலர் உண்டு. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் மாதாமாதம் பணம் வரும் என்பது அவர்கள் எண்ணம். ஆனால் விற்ற நிலத்தைத் திரும்ப வாங்குவது எளிதல்ல. எனவே முன்னதாகவே கணக்குப் பார்த்துக் கொள்வது நல்லது.

உதாரணமாக, தமிழ்நாட்டில் 40 லட்ச ரூபாய்க்கு ஒரு வீடு வாங்குவதாக வைத்துக் கொள்வோம். முத்திரைத் தீர்வை 7 சதவிகிதம். 2023 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணம் 2 சதவிகிதம். இவை 3,60,000 ரூபாய் ஆகும். ஆக முதலீடு 43,60,000 ரூபாய்.

மாத வாடகை 10,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய். குடியிருப்போர் மாறும்போது வீடு ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் 10,000 ரூபாய் குறையும். சொத்து வரிக்கு 5,000, வெள்ளையடிப்பு, குழாய், மோட்டார் பழுதுகளுக்கு 15,000 ரூபாய் ஒதுக்கினால் மிஞ்சுவது 90,000 ரூபாய். இது முதலீட்டில் ஏறக்குறைய 2 சதவிகிதமே.

கடன் வாங்கினால் நிலைமை இன்னும் கடினம். 20 லட்ச ரூபாய்க் கடனுக்கு 9 சதவிகித வட்டி என்று கொண்டால், முதலாண்டு வட்டி மட்டும் சுமார் 1,80,000 ரூபாய். வாடகை மிச்சம் அதில் பாதிக்குத்தான் காணும். மீதி வட்டியையும் அசலையும் தோட்ட வருமானத்திலிருந்தே கட்ட வேண்டும். மழை பொய்த்த ஆண்டிலும் தவணை நிற்காது.

நகரத்து வீட்டு வாடகை விவசாய வருமானம் ஆகாது. செலுத்திய சொத்து வரி போக, மீதியில் 30 சதவிகிதம் கழித்து எஞ்சிய தொகை வருமான வரிக் கணக்கில் சேரும். வாங்கும் முன்பணமும் திருப்பித் தர வேண்டிய பணமே. அதை வருமானமாகக் கருதலாகாது.

மனை விலை ஏறுவது உண்மைதான். ஆனால் விற்றால்தான் அது கைக்கு வரும். கட்டடமோ ஆண்டுக்கு ஆண்டு பழசாகும். தென்னை வைப்பவர் போலப் பல ஆண்டுகள் பொறுத்திருக்கக் கூடியவருக்கே இம்முதலீடு ஏற்றது.

வாங்குமுன் அதே தெருவில் நாலைந்து வீடுகளின் வாடகையை விசாரிக்க வேண்டும். மாத வாடகையை 12 ஆல் பெருக்காமல் 9 ஆல் பெருக்கிப் பார்ப்பது பாதுகாப்பானது. வரும் தொகையை வங்கி வைப்பு வட்டியுடனும், விற்க எண்ணும் நிலத்தின் நிகர வருமானத்துடனும் ஒப்பிட்ட பிறகே கிரயம் பேசுவது நலம்.