காட்டுக்கோழிக்குக் கண்ணி வைக்கலாமா?

நீலகிரியில் பட்டாணி, பீன்ஸ், உருளைக்கிழங்கு பயிரிடும் சிறு விவசாயிகள் சிலர், தம் நிலத்தில் இறங்கும் காட்டுக்கோழியைக் கண்ணி வைத்துப் பிடிக்கத் தமக்கு உரிமை உண்டு என்று எண்ணுகின்றனர். ஒரு காலத்தில் இதற்கு ஆதாரம் இருந்தது. இப்போது இல்லை.

வெள்ளைக்காரத் துரைமார் 1877-ல் நீலகிரியில் வேட்டைச் சங்கம் அமைத்தனர். அடுத்து 1879-ல், இம்மாவட்டத்திற்கென்றே சென்னை மாகாண அரசு வேட்டைச் சட்டம் இயற்றியது. அரசு அறிவிக்கும் மாதங்களில் வேட்டை கூடாது. மற்ற மாதங்களில் லைசென்ஸ் பெற்றுச் சுடலாம். காட்டுக்கோழி, மயில், காடை எல்லாம் இதில் அடங்கின. துரைமாரின் பொழுதுபோக்குக்கு இரை குறையாதிருக்க வந்த சட்டமே இது. ஆயினும், நிலத்துக்குரியவர் தம் பயிரைக் காக்கத் தேவையானதைச் செய்துகொள்ள அது இடம் கொடுத்தது. பாட்டன் காலத்துப் பேச்சு இந்த விதியிலிருந்து வந்ததே.

1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் நிலைமை மாறியது. 1991-ல் செய்த திருத்தத்தில் வேட்டை லைசென்ஸ் முறையே நீக்கப்பட்டது. ஆகவே காட்டுக்கோழிக்கு இன்று சீசனும் கிடையாது, லைசென்சும் கிடையாது. சொந்தப் பட்டா நிலமானாலும் இதுவே சட்டம். கண்ணி வைப்பதும், விஷம் கலந்த தானியம் தூவுவதும் வேட்டையாகவே கருதப்படும். சிறையும் அபராதமும் உண்டு.

பலர் அறியாத விஷயம் ஒன்று: முட்டை எடுப்பதும் வேட்டையே. காட்டுக்கோழி பெரும்பாலும் மாசி முதல் வைகாசி வரை புதரடியில் நான்கு முதல் ஏழு முட்டைகள் இடும். அவற்றை எடுத்து வீட்டுக்கோழியிடம் அடை வைக்கும் பழக்கத்தை அறவே விட வேண்டும்.

பயிரைக் காக்க என்ன செய்யலாம்? இப்பறவை காலையிலும் மாலையிலும்தான் புதரைவிட்டு வெளிவரும். விதைத்தது முதல் முளை நன்கு எழும்வரை அந்நேரங்களில் ஆள் காவல் இருந்தால் பெரும் சேதம் தவிரும். விதையை நன்றாக மண்ணால் மூட வேண்டும். வயலோரப் புதரைக் குஞ்சு பொரிக்கும் காலத்தில் வெட்டாமல் மற்ற காலத்தில் வெட்டலாம். வலை கட்டுவோர் முளையடித்து இறுக்கிக் கட்ட வேண்டும். தொய்ந்து கிடக்கும் வலையே கண்ணியாகிவிடும். இப்பறவை கரையானையும் புழுபூச்சியையும் கிளறித் தின்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். சேதம் மிகுந்தால் வனச்சரக அலுவலகத்தில் எழுத்து மூலம் தெரிவிப்பது நல்லது.

கறிக்குப் பறவை வேண்டுவோர் ஜப்பானியக் காடை வளர்க்கலாம். ஐந்து வாரத்தில் விற்பனைக்கு வந்துவிடும். காட்டுக் காடை வேறு, இது வேறு என்பதால், குஞ்சு வாங்கிய பண்ணையின் ரசீதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.