வேதும் வியர்வையும்

எண்ணெய் தடவி உழிந்தபின் வேது கொடுப்பது, இரணியலை உள்ளடக்கிய குமரி மாவட்டத்தார் நன்கறிந்த வைத்திய முறை. சித்த மருத்துவத்தின் 32 புறமருந்துகளுள் வேதும் ஒன்று. வலியும் பிடிப்பும் தணிவதே அதன் நோக்கம், உடல் இளைப்பதன்று.

இன்று நகரத்து உடற்பயிற்சிக் கூடங்களில் பின்லாந்தின் ‘சவுனா’ வெப்ப அறையை நாடுவோர் பலர் எடை குறைவதையே எதிர்பார்க்கின்றனர். 80 பாகை செல்சியசை எட்டும் அவ்வறையில் கால்மணி நேரம் அமர்ந்தால் அரை லிட்டர் அளவுக்கும் வியர்க்கலாம்; தராசும் அரைக் கிலோ குறைத்துக் காட்டும். குறைந்தது நீரே, கொழுப்பன்று. இரண்டு குவளைத் தண்ணீரில் அவ்வெடை திரும்பிவிடும். ஒரு கிலோ கொழுப்புக் கரைய ஏறத்தாழ 7,700 கலோரி செலவாக வேண்டும். வெறுமனே அமர்ந்திருப்பவர் செலவிடுவது மிகச் சொற்பம்.

இம்மயக்கம் உயிரையும் பறித்துள்ளது. 1997 இறுதியில் அமெரிக்கக் கல்லூரி மல்லர் மூவர், போட்டிக்காக அவசரமாய் எடை குறைக்க முயன்று, 5 வாரங்களுக்குள் அடுத்தடுத்து மாண்டனர். அதன்பின் அங்குக் கல்லூரி மல்லர் எடைகுறைப்புக்குச் சவுனாவைப் பயன்படுத்துவது தடைசெய்யப்பட்டது.

பயிற்சிக்குப் பிந்தைய தசைவலிக்கு வெப்பம் இதமளிப்பது மெய்யே. ஆனால் மீட்சி விரைவுபடுகிறதா என்பதில் ஆய்வுகள் ஒருமித்துப் பேசவில்லை. இழந்த நீரை உடனே ஈடுசெய்தல் இன்றியமையாதது. நோன்பாளிக்கு அதற்கு வழியில்லை. ஆதலால் நோன்புப் பகலில் சவுனாவை அறவே தவிர்க்க வேண்டும் என்றே நாம் கருதுகிறோம்.