குடோன் பட்டறைக்கு ஒரு வைஸ்

வணிகப் பெருமக்கள் பலருடைய குடோன் மூலையிலும் சத்தமில்லாமல் மரவேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது. மூட்டைக்கு அடியில் போடும் கட்டைச் சட்டம் உடைகிறது. ரேக்கின் தட்டு தொய்கிறது. கல்லா மேஜையின் டிராயர் மழைக்காலத்தில் இறுகிக்கொள்கிறது. இதற்கெல்லாம் ஆசாரியைக் கூப்பிட்டால் அரை நாள் வேலைக்கு அவர் வருவதில்லை. வந்தால் முழு நாள் கூலி கொடுக்க வேண்டும். அவரைக் குறை சொல்வதற்கில்லை, அவருக்கும் அன்றைய பொழுது போகிறதல்லவா? சட்டம் உடைந்தே கிடக்கட்டும் என்று விட்டால் சர்க்கரை மூட்டை தரையீரத்தை இழுத்துக்கொள்ளும். ஒரு மூட்டை கட்டிபட்டால் எவ்வளவு நஷ்டம் என்பதை இந்த இதழின் வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே கடைப் பையன்களே வாளையும் உளியையும் எடுத்துக்கொள்கிறார்கள்.

ஆபத்து இங்கேதான் இருக்கிறது. நம் ஊர் ஆசாரிமார் தரையில் உட்கார்ந்து, கட்டையைக் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு வேலை செய்வது தலைமுறை தலைமுறையாக வந்த பழக்கம். உளி எங்கே நிற்கும் என்பது அவர் காலுக்கே தெரியும். கடைப் பையனுக்கு அது தெரியாது. நமது கடைத்தெருவில் ஒரு மளிகைக் கடையில், பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் ஆசாரியைப் பார்த்துப் பழகியபடி கட்டையைக் காலால் பிடித்துக்கொண்டு உளி போட்டான். உளி வழுக்கிப் பெருவிரலுக்குப் பக்கத்தில் இறங்கிவிட்டது. நரம்பு அறுந்து, தையல் போட்டு, இரண்டு மாதம் படுத்திருந்தான். வைத்தியச் செலவை முதலாளி ஏற்றுக்கொண்டார். ஆனாலும் அந்த விரல் இன்று மடங்குவதில்லை. அந்தக் கடைக்குப் பழைய வாடிக்கையாக வேலைக்கு வரும் ஆசாரி ஒருவர் நம்மிடம் சொன்னார்: "அண்ணாச்சி, கட்டை போனா வேற கட்டை வாங்கலாம். கால் போனா எந்தக் கடையில வாங்குவீங்க?"

இரும்புச் சாமான் மொத்த வியாபாரத்தில் நாற்பது ஆண்டுகளாக இருக்கும் நாங்கள், அதற்குப் பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிவருவது ஒன்றுதான். குடோனில் கனமான ஒரு மேஜை போடுங்கள், அதன் முன்விளிம்பில் மரவேலை வைஸ் ஒன்று பொருத்துங்கள். கட்டையை இரும்பு பிடித்துக்கொள்ளட்டும். ஆளுடைய காலும் கையும் தப்பட்டும்.

வைஸ் என்று கேட்டால் சில கடைகளில் எதையோ எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். மேஜையின் மேல் முளைத்தாற்போல் நிற்பதும், தாடையில் அரம்போலப் பல் வெட்டியிருப்பதும் ஃபிட்டருடைய வைஸ். அது இரும்பைப் பிடிப்பதற்கு. அதில் மரத்தைக் கொடுத்தால் பல் பதிந்து சட்டம் கெட்டுவிடும். மரவேலை வைஸ் மேஜைக்கு அடியில் தொங்கும். தாடை அகலமாக, வழவழப்பாக இருக்கும். மரப்பலகை அறைந்துகொள்ளத் தாடையில் துளை விட்டிருப்பார்கள். நடுவில் ஒரு திருகு, இரு பக்கமும் தாங்கிப் போகும் கம்பிகள். நல்ல வகையில் கைப்பிடிக்கு அருகே ஒரு லீவர் இருக்கும். அதை அழுத்தினால் தாடையைச் சுற்றாமல் ஒரே இழுப்பில் முன்னும் பின்னும் நகர்த்தலாம். பல அளவுக் கட்டைகளை மாற்றி மாற்றிப் பிடிக்கும் இடத்தில் இந்த லீவர் வகைக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீண் போகாது.

அளவு விஷயத்தில், இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலிருந்து வந்த 'ரெக்கார்டு' வைஸ்களின் எண்கள்தான் பழைய வியாபாரிகளுக்குப் பழக்கம். 52 என்றால் தாடை 7 அங்குலம், 52½ என்றால் 9, 53 என்றால் 10½. அவை திறக்கும் அளவு முறையே 8, 13, 15 அங்குலம். நம் நாட்டில் ஜலந்தர், லூதியானா பக்கம் கைக்கருவித் தொழில் பெரிய அளவில் நடக்கிறது. குடோன் வேலைக்கு 7 அங்குலம் தாராளம். அதுவே ஏழெட்டு கிலோ கனக்கும். பெரிதாக வாங்கி மேஜையை ஆட்டம் காண வைப்பதைவிட, சிறியதை வாங்கி மேஜைக்குக் கனமான மரம் போடுவது மேல்.

மேஜையின் உயரம், வேலை செய்பவர் நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மட்டத்துக்கு வர வேண்டும். பலகை ஒன்றரை அங்குலக் கனத்துக்குக் குறையக் கூடாது. பழைய பெட்டிப் பலகையில் மேஜை செய்து அதில் வைஸ் மாட்டச் சொல்லி வருகிறவர்களுக்கு நாங்கள் வைஸை விற்பதில்லை என்றுகூடச் சொல்லலாம்!

வலக்கைக்காரருக்கு முன்விளிம்பின் இடது கோடியில் வைஸ் வர வேண்டும். அவர் இழைப்புளியை வலமிருந்து இடமாகத் தள்ளுவார். நீளப் பலகையின் மறுமுனை வலப்பக்கம் மேஜை விளிம்போடு சேர்ந்து கிடக்கும். இடக்கைக்காரருக்கு இதை அப்படியே மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். மேஜைக் காலுக்கு எவ்வளவு பக்கத்தில் வருமோ அவ்வளவு நல்லது, உளி அடிக்கும்போது அதிராது. ஆனால் திருகும் கம்பிகளும் பின்னால் போகும்போது காலிலோ குறுக்குச் சட்டத்திலோ இடிக்காமல் இருக்கிறதா என்று துளை போடுவதற்கு முன்பே வைத்துப் பார்த்துவிட வேண்டும்.

பலரும் தடுமாறுவது உயரக் கணக்கில். இரும்புத் தாடையின் மேல்விளிம்பு மேஜை மட்டத்துக்கு 4 நூல் கீழே இருக்க வேண்டும். மட்டத்துக்கு வந்துவிட்டால் இழைப்புளியும் வாளும் இரும்பில் மோதி முனை போகும். வைஸின் தாடை மேல்விளிம்பிலிருந்து, மேஜையின் அடியில் ஒட்டி உட்காரும் இடம் வரை எவ்வளவு என்று அளந்துகொள்ளுங்கள். அது 3 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். அதோடு 4 நூலைக் கூட்டினால் மூன்றரை. அதில் மேஜைப் பலகையின் கனம் ஒன்றரையைக் கழித்தால் மீதி 2 அங்குலம். அந்த 2 அங்குலத்துக்கு வைரம் பாய்ந்த கட்டை ஒன்றை மேஜைக்கு அடியில் பசை போட்டு, திருகும் போட்டுச் சேர்க்க வேண்டும். பலகை மூன்றரைக்கு மேல் கனமாக இருந்தால்தான் அடியில் பள்ளம் வெட்டும் வேலை வரும்.

உள்தாடை விளிம்புக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கக் கூடாது. நின்றால், ஆறடிப் பலகையைப் பிடிக்கும்போது அது விளிம்பில் படியாமல் வளையும். ஆகவே தாடையின் கனத்துக்கு விளிம்பில் பள்ளம் வெட்டி உள்ளே உட்கார வைத்து, அதன் மேல் மேஜையின் நீளம் முழுவதும் ஒரே பலகையாக அறைந்துவிட வேண்டும். பள்ளம் வெட்ட வராதவர்கள், விளிம்பின் மீதி நீளத்துக்கும் தாடைக் கனத்தில் சட்டம் சேர்த்துச் சமப்படுத்திக்கொள்ளலாம்.

மாட்டும்போது மேஜையைக் கவிழ்த்துப் போட்டு வேலை செய்வது சுலபம். கவிழ்க்க முடியாத கனம் என்றால், நம்மிடம் இல்லாத ஏற்பாடா? 15 கிலோ எண்ணெய் டின் இரண்டை ஒன்றின் மேல் ஒன்று வைத்து, பலகைத் துண்டுகளால் உயரம் கூட்டினால் வைஸ் தன் இடத்தில் தானாக நிற்கும். ஒரு ஆள் கூலி மிச்சம். மெல்லிய பலகைக்கு 3 நூல் போல்ட்டை மேலிருந்து இறக்கி, தலையை மரத்துக்குள் அரை அங்குலம் புதைத்து, மேலே மரமுளை அடித்து மூட வேண்டும். அடியில் வாசர் இல்லாமல் நட் முடுக்கக் கூடாது. பலகை கனமாக இருந்தால் அடியிலிருந்து கோச் ஸ்குருவே போதும். அதற்கும் முதலில் சிறு துளை போடாவிட்டால் மரம் பிளக்கும்.

பிறகு வெளித்தாடைக்கு 6 நூல் கனத்தில் தேக்குத் துண்டு. அது இரும்பைவிட 4 நூல் உயர்ந்து, மேஜை மட்டத்தோடு சேர வேண்டும். திருகுத் தலைகள் மரத்துக்குள் நன்றாகப் புதைந்திருக்கட்டும். முடிந்ததும் இரண்டு காகிதக் கீற்றுகளைத் தாடையின் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக வைத்து மெல்ல முடுக்கிப் பாருங்கள். மேல் காகிதம் முதலில் பிடிபட வேண்டும். கீழே முதலில் பிடித்தால், தேக்குத் துண்டின் கீழ்ப்பாகத்தை ஒரு மயிரிழை இழைத்துவிட்டால் சரியாகும்.

ஒரு சட்டத்தைத் தாடையின் ஓரத்தில் மட்டும் பிடிக்க நேர்ந்தால், அதே கனத்தில் மறு ஓரத்திலும் ஒரு துண்டு கொடுக்க வேண்டும். இல்லையேல் தாடை கோணிப் பிடி தளரும். கைப்பிடியில் குழாய் செருகி முடுக்கும் வழக்கம் சில பையன்களிடம் உண்டு. வைஸ் வார்ப்பிரும்பு, வளையாது, நேராக உடையும். அதன் மேல் ஆணி நிமிர்த்த அடிப்பதும் அப்படித்தான். அப்படி உடைந்து வந்த வைஸை எந்தக் கம்பெனியும் மாற்றித் தருவதில்லை. வாங்கிய கடையில் சண்டை போட்டும் பயன் இல்லை.

மரத்தூள் திருகில் அடைந்தால் லீவர் பிடிக்காது. மாதம் ஒருமுறை பழைய பிரஷ்ஷால் தட்டி, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுத் துடைத்துவிடச் சொல்லுங்கள். கடையில் ஆயுத பூஜைக்குத் தராசைத் துடைக்கும் பையனிடமே இந்த வேலையையும் கொடுத்துவிடலாம்.