கட்டடம் உயர்கிறது, குடித்தனம் குறைகிறது

திருவல்லிக்கேணியின் பழைய ஸ்டோர் வீடுகளில் இருந்தவர்களுக்குத் தெரியும்: ஒரே வாசல், நடுவில் முற்றம், ஒரு கிணறு, சுற்றிலும் எட்டுப் பத்துக் குடித்தனங்கள். குடித்தனத்துக்கு ஐந்து பேர் என்றாலே அந்த மனையில் நாற்பது, ஐம்பது பேர். அதை இடித்து மூன்று மாடியில் ஆறு ஃபிளாட் கட்டினால், ஃபிளாட்டுக்கு மூன்று பேராகப் பதினெட்டுப் பேர்தான். கட்டடம் வளர்ந்திருக்கிறது; ஆட்கள் பாதிகூட இல்லை.

சென்னை மாவட்டத்தின் மக்கள்தொகை 2001இல் 43.4 லட்சம், 2011இல் 46.5 லட்சம். பத்து ஆண்டில் ஏறக்குறைய 7 சதவீத வளர்ச்சி. அதே பத்து ஆண்டில் பக்கத்துக் காஞ்சிபுரம் மாவட்டம் 39 சதவீதம் வளர்ந்தது. வாடகை கட்டுப்படியாகாதவர்களும் சொந்த வீடு தேடியவர்களும் புறநகருக்குப் போனார்கள்.

எல்லோரும் விரும்பிப் போகவில்லை. கூவம் கரையில் குடியிருந்தவர்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பினார்கள். வேலையும் பிள்ளைகளின் பள்ளியும் நகருக்குள், வீடு மட்டும் அங்கே. இதை வெறும் மக்கள்தொகை மாற்றம் என்று எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

‘சவுகார்பேட்டையில் நடக்கவே இடமில்லையே’ என்று நீங்கள் கேட்கலாம். அது சரக்கு வாங்க வரும் பகல்நேரக் கூட்டம். கணக்கெடுப்பில் வருவது அங்கே குடியிருப்பவர்கள் மட்டுமே. வீடு கிடங்காக மாறினால் தெருவில் நெரிசல் கூடும், அங்கே வாழ்பவர் எண்ணிக்கை குறையும்.

அடர்த்தி என்பது மக்கள்தொகையைப் பரப்பளவால் வகுத்து வரும் எண். 2011இல் சென்னையில் ஒரு சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 26,500 பேர். அதே ஆண்டு அக்டோபரில் மாநகராட்சி எல்லை சுமார் 175 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. விரிந்த எல்லைக்கு அதே கணக்கெடுப்பின்படி 66.7 லட்சம் பேர். அடர்த்தி 15,700க்கு இறங்கிவிட்டது. ஒருவர்கூட வீடு மாறவில்லை, வகுக்கும் எண்தான் மாறியது! மெரினா மணலும் துறைமுகமும்கூட அந்தப் பரப்பில் சேர்த்திதான். ஆகவே நகரச் சராசரியை வைத்து ஒரு தெருவின் நெருக்கடியைச் சொல்ல முடியாது.

2027 கணக்கெடுப்பின் வார்டு எண்கள் வெளிவரும்போது, உங்கள் வார்டில் எத்தனை பேர் என்பதோடு எத்தனை வீடுகள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.