சிலிக்கேட்டுத் தாதுவிலிருந்து நிக்கல்

துருவேறா எஃகுக்கும் மின்சேமக் கலங்களுக்கும் இன்றியமையாத நிக்கல் உலோகத்திற்கு நம் நாடு பெரும்பாலும் இறக்குமதியையே நம்பியுள்ளது. ஆயினும் ஒடிசாவின் சுகிந்தா பள்ளத்தாக்கில், குரோமைட்டை எடுப்பதற்காக அகற்றிக் கொட்டப்படும் மேல்மண்ணில் நிக்கல் உண்டு. அளவு ஒரு சதவிகிதத்துக்கும் குறைவு. குன்றுகளாய்க் குவிந்து கிடக்கும் அம்மண்ணிலிருந்து உலோகம் எளிதில் கைக்கு எட்டாததேன்? அது மண்ணினுள் எங்ஙனம் தங்கியுள்ளது என்பதிலேயே விடை இருக்கின்றது.

கானடாவின் சட்பரி போன்ற இடங்களில் நிக்கல் கந்தகத்தோடு சேர்ந்து தனிக் கனிமமாய் இருக்கின்றது. பாறையை அரைத்து, நுரையில் மிதக்கவிட்டு அதனைத் திரட்டிவிடலாம். வெப்பமண்டலத்துச் செம்பாறைப் படிவுகளின் கதை வேறு. ஒலிவின் மிகுந்த பாறைகளை மழைநீர் பன்னெடுங்காலம் கரைத்தபோது, இரும்பு மேலடுக்கில் ஆக்சைடாகத் தங்கியது. நிக்கலில் ஒரு பகுதி அதனுடன் கலந்து நின்றது. மறு பகுதி நீரோடு கீழிறங்கி, சிதைந்த பாறையிலுள்ள சிலிக்கேட்டுகளில் மகனீசியத்தின் இடத்தைப் பற்றிக்கொண்டது. இவ்விரு அயனிகளும் ஏறக்குறைய ஒரே பருமனுடையவை. ஆகவே ஒன்று காலி செய்த வீட்டில் மற்றொன்று எளிதாகக் குடியேறியது எனலாம். எவ்வளவு நுண்ணியதாய் அரைப்பினும் வீட்டையும் குடியிருப்பவனையும் பிரிக்க இயலாது. 1860-களில் நியூ கலிடோனியாத் தீவில் ழூல் கார்னியே கண்டறிந்த, பின்னர் அவர் பெயராலேயே கார்னியரைட்டு எனப்பட்ட பச்சைத் தாது இவ்வகையதே.

எனவே வீட்டையே இடித்தாக வேண்டும். கந்தக அமிலத்தைக் கொண்டு உயர் அழுத்தத்தில், சுமார் 250 டிகிரி சென்டிகிரேடில் கரைப்பது ஒரு முறை. இரும்பு மிகுந்த மேலடுக்குக்கு இது பொருந்தும். ஏனெனில் கரைந்த இரும்பு ஹெமட்டைட்டாகப் படியும்போது அமிலம் மீண்டுவிடுகின்றது. மகனீசியமோ கரைசலிலேயே தங்கி, உட்கொண்ட அமிலத்தைத் திருப்பித் தருவதில்லை. சிலிக்கேட்டுத் தாதுவை இம்முறைக்கு உட்படுத்தினால் அமிலச் செலவே திட்டத்தை விழுங்கிவிடும்.

வறுத்து ஒடுக்கி, அம்மோனியாக் கரைசலில் நிக்கலைக் கரைக்கும் காரோன் முறையில் இடர் வேறு விதமானது. சூட்டில் செர்பென்டைன் தன் நீரை இழக்கின்றது. வெப்பம் மேலும் ஏறினால் மீண்டும் ஒலிவினாகப் படிகமாகி, நிக்கலை உள்ளே பூட்டிக்கொள்கின்றது. இங்கு மீட்பு உயர்வதும் தாழ்வதும் உலையின் வெப்பக் கட்டுப்பாட்டைப் பெரிதும் பொறுத்தது. சுழல் சூளையில் உலர்த்தி வறுத்து, மின்னுலையில் உருக்கி இரும்பு-நிக்கலாகப் பெறும் முறையே சிலிக்கேட்டுத் தாதுவுக்கு உகந்தது. நிக்கலில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் கிடைக்கின்றது. மின்சாரச் செலவு மட்டும் மிக அதிகம். சிலிக்காவுக்கும் மகனீசியாவுக்கும் உள்ள விகிதம் நாளுக்கு நாள் மாறுமாயின், கசடின் உருகுநிலையும் மாறி உலைச் சுவர் பழுதுறும்.

உலைக்கு முன்னரே மீட்பை உயர்த்தும் எளிய வழியும் உண்டு. சிதையாத பாறையுருண்டைகளின் நடுப்பகுதியில் நிக்கல் குறைவு. அவற்றைச் சல்லடையிட்டு ஒதுக்கினால் எஞ்சிய மென்மண்ணின் தரம் உயரும். நியூ கலிடோனியச் சுரங்கங்களில் இது வழக்கம்.

சுகிந்தா மேல்மண்ணில் நிக்கல் பெரும்பாலும் கோதைட்டு என்னும் இரும்புக் கனிமத்தில் உள்ளது. ஆழத்தில் சிதைந்த செர்பென்டைன் வந்தால் அதனைத் தனியே கொட்டுதல் வேண்டும். இரண்டையும் ஒரே குவியலில் கலந்துவிட்டால், பின்வரும் எம்முறைக்கும் அது தகுந்த தாதுவாய் இராது. இத்தகைய இழப்பு கணக்கேடுகளில் தோன்றுவதில்லை.

பச்சை நிறத்தைச் சான்றாகக் கொள்ளல் ஆகாது. நிக்கல் மிகுதியின்றியே பல செர்பென்டைன் பாறைகள் பச்சையாய் இருக்கும். பள்ளி ஆய்வுக்கூடத்திலேயே சோதிக்கலாம். பொடியைச் சூடான ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து வடித்து, இரும்பு இடையூறு செய்யாதிருக்கச் சிட்ரிக் அமிலம் சேர்த்து, அம்மோனியாவால் காரமாக்கி, டைமெத்தில் கிளையாக்சிம் சில துளிகள் விடவேண்டும். ரோஜாச் சிவப்புப் படிவு நிக்கலைக் காட்டும். ஆனால் நிக்கல் எக்கனிமத்தில் உள்ளதென்பதை அச்சோதனை உரைக்காது. ஆதலின் ஒவ்வொரு மாதிரியின் உறைமீதும் ஆழத்தைக் குறித்து, நிக்கலுடன் இரும்பு, மகனீசியம், சிலிக்கா ஆகியவற்றின் அளவையும் கேட்டு ஆய்வகத்துக்கு அனுப்புதல் வேண்டும்.