பவளத்துக்கு எவ்வளவு நீரோட்டம் வேண்டும்?

வீவக வீடு ஒன்றின் வரவேற்பறை. சுவரோரம் 60 லிட்டர் கண்ணாடித் தொட்டி. அதில் உப்புநீர், உயிர்ப்பாறை, இரண்டு கோமாளி மீன்கள். நடுவில் 'ஹேமர்' என்று கடைகளில் அழைக்கப்படும் பவளம் ஒன்று.

"அப்பா, இன்னிக்கும் அது திறக்கலையே. உடம்பு சரியில்லையா?" என்று கேட்கிறாள் மகள்.

"கடையிலேயே பெரிய பம்பு இதுதான்மா. ரெண்டு நாள் போனா சரியாயிடும்" என்கிறார் அப்பா.

இரண்டு நாளில் சரியாகவில்லை. பவளத்தின் ஒரு பக்கத்தில் சதை உரிந்து வெள்ளை எலும்புக்கூடு தெரியத் தொடங்கியது. விளக்கு நல்ல விளக்கு. உப்பின் அளவும் சரிதான். குறை இருந்தது அந்தப் பெரிய பம்பில். அது நாள் முழுவதும் ஒரே திசையில், அந்த உயிரின் மேல் நேராக நீரைப் பீய்ச்சிக்கொண்டிருந்தது.

பவளத் தொட்டி வைக்க நினைப்போர் விளக்குக்குக் கொடுக்கும் கவனத்தை நீரோட்டத்துக்குக் கொடுப்பதில்லை. பவளத்தின் உயிரோ இரண்டையும் நம்பியே இருக்கிறது.

நகர முடியாத உயிர்

பவளம் கல்லும் அல்ல, செடியும் அல்ல. அது ஒரு விலங்கு. மீனைப் போல அது உணவைத் தேடிப் போக முடியாது. பிடிக்காத இடத்தைவிட்டு விலகவும் முடியாது. உயிர்வாயு, உணவுத் துகள், எலும்புக்கூடு கட்டத் தேவையான கால்சியம் எல்லாம் அதைத் தேடி வரவேண்டும். அது வெளியேற்றும் கழிவும் கோழையும் அதைவிட்டுப் போகவேண்டும். இந்த இரண்டு வேலையையும் செய்வது ஓடும் நீர்தான்.

மூங்கில் கழியில் காயப்போட்ட துணியை எண்ணிப் பாருங்கள். காற்றே இல்லாவிட்டால் ஈரக்காற்று துணியைச் சுற்றியே தேங்கி நிற்கும். துணி காயாது. பவளத்தைச் சுற்றியும் அதுபோல அசையாத மெல்லிய நீர்ப்படலம் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. நீரோட்டம் பட்டால்தான் அந்தப் படலம் மெலிந்து, உயிர்வாயு உள்ளே போகவும் கழிவு வெளியேறவும் வழி கிடைக்கும்.

பவளத்தின் சதைக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருக்கின்றன. பகலில் ஒளியைக் கொண்டு அவை உணவு தயாரித்துப் பவளத்துக்கும் கொடுக்கின்றன. விளக்கை அணைத்ததும் நிலைமை மாறுகிறது. மீன், பவளம், பாசி எல்லாமே உயிர்வாயுவை எடுத்துக்கொள்கின்றன; கொடுப்பார் யாரும் இல்லை. ஆகவே இரவில் பம்பை நிறுத்துவது பெரும் தவறு.

கணக்கு எப்படி?

தொட்டி நீர் ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை சுழல்கிறது என்பதே இதில் அனுபவசாலிகள் பின்பற்றும் கணக்கு. காளான் பவளம், தோல் பவளம் போன்ற மென்மையான வகைகளுக்கு 10 முதல் 20 முறை போதும். ஹேமர், டார்ச் போன்ற சதைப்பிடிப்பான வகைகளுக்கு ஏறக்குறைய 15 முதல் 25 முறை. அலை மோதும் பாறை விளிம்பில் வாழும் அக்ரோபோரா போன்ற கிளைப் பவளங்களுக்கு 40 முறையும் அதற்கு மேலும் வேண்டியிருக்கும். இவை தொடக்கப் புள்ளிகளே தவிர, கட்டாய விதிகள் அல்ல.

60 லிட்டர் தொட்டியில் பாறையும் மணலும் போக ஏறக்குறைய 50 லிட்டர் நீரே இருக்கும். 20 முறை சுழல வேண்டுமானால் மணிக்கு 1,000 லிட்டர் தேவை. தொட்டியோடு வரும் வடிகட்டிப் பம்பு 300 லிட்டர் தருகிறது என்றால், அது 6 முறைதான். மீதியைத் தனிப் பம்பு கொண்டு ஈடுகட்ட வேண்டும்.

பெட்டியில் அச்சிட்டுள்ள எண் பம்பின் உச்ச அளவு. நீரைக் குழாய் வழியே மேலேற்றும் பம்பானால், உயரமும் குழாயின் வளைவும் அந்த அளவைக் குறைத்துவிடும். பாசியும் சுண்ணாம்பும் படிந்தாலும் வேகம் குறையும். அவ்வப்போது கழற்றி, வினிகர் கலந்த நீரில் ஊறவைத்துக் கழுவுவது நல்லது.

எண்ணைவிட முக்கியமானது

ஒரே 1,000 லிட்டரை இரண்டு விதமாகத் தரலாம். குறுகிய குழாய் வழியே பீய்ச்சினால் அது ஈட்டி. அகன்ற விசிறிப் பம்பு வழியே தள்ளினால் அது அலை. பவளத்துக்கு வேண்டியது அலை. கடலில் நீர் ஒரே பக்கமாக நாள் முழுவதும் பாய்வதில்லை. வரும், போகும், சுழலும்.

எனவே சிறிய தொட்டியிலும் ஒரு பெரிய பம்பைவிட இரண்டு சிறிய பம்புகள் மேல். இரண்டையும் எதிரெதிர்ப் பக்கத்தில் வைத்தால் ஓட்டங்கள் நடுவில் மோதிக் கலையும். மாறி மாறி இயக்கும் கருவி இருந்தால் இன்னும் நல்லது. ஒன்று பழுதானாலும் மற்றொன்று ஓடும். பம்பின் வாய் பவளத்தைப் பார்க்கக்கூடாது. எதிர்க்கண்ணாடியையோ நீர்மட்டத்தையோ நோக்கித் திருப்புங்கள். நீர்மட்டம் சலசலத்தால் உயிர்வாயுவும் நன்றாகக் கலக்கும்.

நம் தட்பவெப்பத்தில் இன்னொரு கவலையும் உண்டு. பம்பு உண்டாக்கும் சூடு நீரில்தான் சேர்கிறது. நீர் சூடாக ஆக அதில் கரையும் உயிர்வாயு குறைகிறது. அதிகச் சூட்டில் பவளம் தன் பாசிகளை இழந்து வெளுத்துவிடும். 2010இல் கடல் சூடேறியபோது தியோமான், ரெடாங் தீவுகளில் முக்குளிக்கும் இடங்கள் சிலவற்றை மலேசியா தற்காலிகமாக மூடியது இந்த வெளுப்பினால்தான். ஆகவே குறைந்த வாட் பம்பையே தேர்ந்தெடுங்கள். சின்ன மின்விசிறியை நீர்மட்டத்தின் மேல் வீசவிட்டால் சூடு தணியும். ஆவியான நீருக்கு ஈடாக, உப்புக் கலக்காத சுத்தமான நீரையே ஊற்றவேண்டும்.

பவளமே சொல்லும்

பம்பைப் பொருத்திய பிறகு கண்தான் சிறந்த கருவி. பவளத்தின் விரல்கள் நன்றாக விரிந்து, இப்படியும் அப்படியும் அசைந்தால் ஓட்டம் சரி. எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்தோ சுருங்கியோ கிடந்தால் ஓட்டம் அதிகமாக இருக்கலாம். மணல் பறந்தால் பம்பு தாழ்வாக இருக்கிறது. பவளத்தின் மேல் தூசி படிந்தாலோ, மணலில் செந்நிறக் கோழைப் படலம் பரவினாலோ அந்த மூலைக்கு நீர் போதவில்லை என்று சந்தேகிக்கலாம். சிறிது மீன் உணவைத் தூவி, துகள்கள் எங்கே தேங்குகின்றன என்று பார்த்தாலும் தெரிந்துவிடும். எதை மாற்றினாலும் சிறிது சிறிதாக மாற்றி, சில நாள் பொறுத்துப் பாருங்கள்.

உணவளிக்கும்போது 10 நிமிடம் பம்பை நிறுத்தலாம். மீண்டும் போட மறந்துவிடக்கூடாது. மின்தடைக்கு மின்கலத்தில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று கைவசம் இருக்கட்டும். மின்கம்பியைச் சுவிட்சுக்கு நேராக இழுக்காமல், ஒருமுறை கீழே தொங்கவிட்டு மேலே கொண்டுபோங்கள். கம்பி வழியே வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

அந்த வீட்டிலும் பெரிய பம்பு கழற்றப்பட்டு, இரண்டு சிறிய பம்புகள் கண்ணாடியை நோக்கித் திருப்பப்பட்டால், மிச்சமிருக்கும் சதை பிழைத்துக்கொள்ள வாய்ப்புண்டு. பம்பை வாங்கிவிட்டுப் பவளத்தைத் தேடாமல், எந்தப் பவளம் என்று முதலில் முடிவு செய்து, அதற்கேற்ற பம்பை வாங்குவதே முறை. அதுவும் கடலிலிருந்து பெயர்த்ததாக இல்லாமல், தொட்டியில் வளர்த்து வெட்டிய துண்டாக இருந்தால் இன்னும் நல்லது. ஓடித் தப்ப முடியாத உயிரை வீட்டுக்குக் கொண்டுவருகிறவர், அதற்குப் பழக்கமான நீரோட்டத்தையும் சேர்த்தே கொண்டுவர வேண்டும்.