தீராத இடுப்பு மூட்டு வலி: ஓய்வு மட்டும் தீர்வாகுமா?

"வயசானா வலிக்கத்தான் செய்யும்" என்று வீட்டுப் பெரியவர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். தொடை இடுக்கில் வலி, ஸஜ்தாவிலிருந்து எழும்போது பிடிப்பு, காலை மடக்கி உட்கார முடியாமை ஆகியவை இடுப்பு மூட்டுத் தேய்மானத்தின் அறிகுறிகளாக இருக்கலாம்.

படுத்தே இருந்தால் மூட்டைத் தாங்கும் தசைகள் தளர்ந்து வலி கூடும். அதனால் முதல் சிகிச்சை பிசியோதெரபிதான். தொடை, பிட்டத் தசைகளை வலுவாக்கும் பயிற்சிகளை 6 முதல் 12 வாரங்கள் விடாமல் செய்தால் பலன் தெரியும். உடல் எடை குறைந்தால் மூட்டின் பாரமும் குறையும். கைத்தடியை வலியில்லாத பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும்.

வலி மாத்திரைகளை நாமாகவே வாங்கி நீண்ட நாள் சாப்பிட்டால் இரைப்பையும் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். ஸ்டீராய்டு ஊசி தற்காலிக நிவாரணமே. எதற்கும் வலி அடங்காவிட்டால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை உண்டு.

விழுந்தபின் காலை ஊன்ற முடியாவிட்டாலோ, காய்ச்சலுடன் வலித்தாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். முடியாதவர்கள் உட்கார்ந்து தொழ மார்க்கத்தில் சலுகை உண்டு. ஆனால் சலுகை இருக்கிறதே என்று சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம்.